நாற்பது சென்ட் பூ நிலம்: முதலில் பறிக்கிற கைகளை எண்ணுங்கள்

கேள்வி: வத்தலக்குண்டு பக்கத்தில் எங்களுக்கு 40 சென்ட் செம்மண் நிலமும் ஒரு போர்வெல்லும் இருக்கின்றன. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நானும் மாமியாரும்தான் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறோம். போன தை மாதம் மல்லிகை கிலோ 3,000 ரூபாயைத் தாண்டியது. அதனால் 40 சென்டிலும் மல்லிகையே போட்டுவிடலாமா என்று யோசிக்கிறோம். பக்கத்துத் தோட்டத்தில் கனகாம்பரம் மஞ்சளாகிக் காய்ந்துவிட்டது, அதைப் போடப் பயமாக இருக்கிறது. வீட்டைச் சுற்றி 3 சென்ட் காலி இடம் உள்ளது. அங்கே என்ன பூ வைக்கலாம்? பூ மண்டிக்காரர் ஒருவர் முன்பணம் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, 40 சென்டிலும் மல்லிகை வேண்டாம். 15 சென்டில் போடுங்கள். உங்கள் மண்ணும் தண்ணீரும் மல்லிகைக்குப் போதும். போதாதது பறிக்கிற கை. பூ விவசாயத்தில் நான் பார்த்த நஷ்டங்களில் பாதிக்கு மேல், செடி நன்றாகப் பூத்த பிறகு பறிக்க ஆள் இல்லாமல் வந்தவைதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ குண்டுமல்லியில் ஏறக்குறைய 4,000 மொட்டு இருக்கும். நொடிக்கு ஒரு மொட்டு என்று விடாமல் பறித்தாலும் ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கை பழகியவர்கள் இரண்டு கையாலும் இன்னும் வேகமாகப் பறிப்பார்கள், ஆனாலும் ஆளுக்கு மணிக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை 1.25 மீட்டர் இடைவெளி விட்டால் 40 சென்டில் சுமார் 1,000 செடி வரும். நல்ல பராமரிப்பில் ஹெக்டேருக்கு 8 டன் என்ற கணக்கில், உங்கள் நிலத்தில் வருடத்துக்கு 1,200 கிலோவைத் தாண்டும். அதில் பெரும்பகுதி பங்குனியிலிருந்து ஆனி வரைக்குள் கொட்டிவிடும். அந்த மாதங்களில் சாதாரண நாளிலேயே ஏழெட்டுக் கிலோ, உச்ச நாளில் அதைப்போல இரண்டு பங்கு. இதை வெயில் ஏறுவதற்குள், அதாவது காலை 5 மணியிலிருந்து 8 மணிக்குள், பறித்து முடிக்க வேண்டும். நீங்களும் மாமியாரும் அந்த நேரத்தில் பறிக்கக்கூடியது 6 கிலோ. மிச்சத்துக்கு ஆள் தேட வேண்டும். உங்கள் பகுதியில் எல்லார் தோட்டமும் அதே மாதத்தில்தான் பூக்கிறது என்பதால் ஆளும் கிடைக்காது, கிடைத்தால் கூலியும் ஏறியிருக்கும்.

கத்தரிக்காயை இன்று விட்டால் நாளை பறிக்கலாம். மல்லிகையில் அந்தச் சலுகை இல்லை. இன்று விட்ட மொட்டு இன்று இரவே விரிந்துவிடும், மறுநாள் அதற்குச் சந்தை விலை கிடையாது. விரிந்த பூவை வாசனைத் திரவிய ஆலைகளுக்கு எடுத்துக்கொள்வார்கள், ஆனால் அந்த விலையில் பறிகூலியே சில நாள் தேறாது. 15 சென்ட் என்றால் செடி 390-க்குள் இருக்கும், உச்ச நாளில்கூட ஆறு கிலோவைச் சுற்றித்தான் வரும். அதை நீங்கள் இருவரே பறிக்கலாம்.

இனி அந்த 3,000 ரூபாய். மார்கழி, தை மாதப் பனியில் குண்டுமல்லி மொட்டு வைப்பதே அபூர்வம். பூ இல்லாததால்தான் அந்த விலை. அந்த நாட்களில் 15 சென்டிலிருந்து கால் கிலோ கிடைத்தாலே பெரிது. அதே பூ கோடையில் 200, 300 என்று இறங்கும்போதுதான் உங்கள் கூடை நிறையும். ஆகவே வருமானத்தைக் கோடை விலையில் போட்டுப் பாருங்கள். தை மாத விலையை வைத்துக் கடன் வாங்காதீர்கள். கவாத்தை, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதை, கொஞ்சம் முன்னால் தள்ளினால் பனிக்கு முன்பே ஒரு சுற்றுப் பூ எடுக்கலாம் என்று சிலர் புரட்டாசிக் கடைசியிலேயே ஒரு பகுதியை வெட்டுகிறார்கள். மூன்றாவது வருடத்துக்கு மேல், உங்கள் செடி தேறிய பிறகு, நாலில் ஒரு பங்கில் மட்டும் இதைச் செய்து பாருங்கள்.

நாற்றைப் பற்றி. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதன் பதியன்கள் நெடுங்காலமாகவே ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்துதான் வருகின்றன. அங்குள்ள மணலில் வேர் நன்றாக ஓடுகிறது. இப்போது ஆடி. குழியை இந்த மாதமே எடுத்து ஆறப் போடுங்கள்: நீள, அகல, ஆழம் மூன்றும் ஒரு அடி போதும். குழி ஆறியதும் நட்டால் ஐப்பசி மழை செடியைப் பிடித்துக்கொள்ளும். குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் போடுங்கள். நாற்று வாங்கும்போது இலையைப் பார்த்து மயங்காமல், நாலைந்து நாற்றின் வேரைக் கழுவிப் பாருங்கள். வேரில் முடிச்சோ கறுத்த திட்டோ இருந்தால் அந்தக் கட்டையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த நோய் நிலத்துக்குள் வந்தால் பல வருடம் போகாது.

ஆறு மாதத்தில் பூ எட்டிப் பார்க்கும், இரண்டாம் வருடம் கைச்செலவுக்கு ஆகும், மூன்றாம் வருடத்திலிருந்துதான் முழு மகசூல். அப்புறம் 12, 15 வருடம் அதே செடி. கார்த்திகையில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்து, காய்ந்த குச்சி, நோஞ்சான் கிளை, எல்லா இலையையும் எடுத்துவிடுங்கள். கவாத்துக்கு முன்னால் சில நாள் தண்ணீரை நிறுத்துங்கள். புதிதாக மல்லி போடுகிறவர்களுக்குச் செடியை இவ்வளவு குட்டையாக வெட்ட மனசு வராது. வெட்டாத செடி ஓங்கி வளருமே தவிர மொட்டு வைக்காது, ஏனென்றால் மொட்டு வருவது புதுத் துளிரின் நுனியில்தான். உரத்தை இரண்டாகப் பிரித்துக் கவாத்து முடிந்ததும் ஒரு பாதி, ஆனி, ஆடியில் மறு பாதி கொடுங்கள். அளவை மண் பரிசோதனைத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சிறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் கருவி தமிழ்நாட்டில் முழு மானியத்தில் கிடைக்கிறது. சிட்டா, அடங்கல், தாசில்தார் தரும் சிறு விவசாயி சான்று ஆகியவற்றோடு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். நடுவதற்கு முன்பே குழாய் போட்டுவிட்டால் வேலை சுலபம்.

பூச்சியில் மூன்று முக்கியம். மொட்டைத் துளைத்து, பக்கத்து மொட்டுகளையும் நூலால் பின்னிக் கெடுக்கும் மொட்டுப்புழு ஒன்று. மொட்டின் அடியை வீங்கவைத்து, ஊதா நிறமாக்கி உதிர்க்கும் மொட்டு ஈ இரண்டு. கோடையில் இலையை வெளிறச் செய்யும் செஞ்சிலந்தி மூன்று. ஈயின் புழு மண்ணில் விழுந்துதான் கூடு கட்டுகிறது, எனவே செடியடி மண்ணை அவ்வப்போது கொத்திவிட்டு, உதிர்ந்த மொட்டைப் பொறுக்கி அழித்தாலே பாதி குறையும். வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதத்தில் அடிக்கலாம். சிலந்திக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம்.

மருந்துக் கடையில் கலவை கலவையாகக் கொடுப்பதை வாங்கி வாரம் தவறாமல் அடிப்பது உங்கள் பகுதியில் பரவியிருக்கிறது. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். அந்தப் பூவை மறுநாள் ஒரு குழந்தை தலையில் வைத்துக்கொண்டு தூங்குகிறது. அதைவிட முக்கியம், விடியற்காலையில் அந்தச் செடிகளுக்குள் குனிந்து மூன்று மணி நேரம் மூச்சு விடப்போவது நீங்களும் உங்கள் மாமியாரும். ரசாயன மருந்து தவிர்க்க முடியாத நாள் வந்தால் பறிப்பு முடிந்த பிறகு சாயங்காலம் அடித்து, லேபிளில் சொன்ன இடைவெளி முடியும்வரை அந்தப் பாத்தியின் மொட்டை விற்காமல் உதிர்த்துவிடுங்கள்.

இலை மஞ்சளானால் உடனே மருந்துக்கு ஓட வேண்டாம். இளம் இலை மட்டும் வெளிறி நரம்பு பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கலந்து தெளித்தால் தேறும். செடி முழுதும் சோர்ந்து மஞ்சளானால் வேரைத் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

இந்த இடத்தில் உங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கனகாம்பரத்துக்கு வருகிறேன். கனகாம்பரம் மஞ்சளாகிக் குறுகிக் காய்வது பெரும்பாலும் நூற்புழுவால்தான். கண்ணுக்குத் தெரியாத புழு வேரைக் குடைந்து காயம் செய்கிறது, அந்தக் காயத்தின் வழியாக வாடல் பூஞ்சணம் ஏறுகிறது. இலையில் எதைத் தெளித்தாலும் பயன் இல்லாததற்குக் காரணம் அதுதான். அந்தத் தோட்டத்து மண்வெட்டியோ, அங்கிருந்து வழியும் தண்ணீரோ உங்கள் நிலத்துக்குள் வரக்கூடாது. வரப்பை உயர்த்திப் போடுங்கள்.

ஆனால் கனகாம்பரத்தை ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்கு அது நன்றாகப் பொருந்தும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தால் போதும். பறித்த பூ சட்டென்று வாடாது என்பதால் மல்லி போல மணியைப் பார்த்து ஓட வேண்டியதில்லை. லேசான நிழலிலும் வரும். கஷ்டம் ஒன்றுதான்: பூ பஞ்சு போல எடையில்லாதது, ஒரு கிலோவுக்கு 15,000 பூ அளவுக்குப் பறிக்க வேண்டும். அதனால் 5 சென்டுக்கு மேல் போகாதீர்கள். டெல்லி கனகாம்பரம் விதை வைக்காத ரகம், போத்து, அதாவது கிளைத் துண்டு, வெட்டித்தான் நட வேண்டும். நோய் வந்த தோட்டத்திலிருந்து, இலவசமாகக் கொடுத்தாலும், போத்து வாங்காதீர்கள்.

அதை நடும் முன் அந்த இடத்தில் ஒரு போகம் செண்டுமல்லி போடுங்கள். செண்டுமல்லி வேரில் சுரக்கும் பொருள் நூற்புழுவை அடக்குகிறது. இதை நம்பி வரப்பில் நாலு செடி நட்டுவிட்டு, பலன் இல்லை என்று சொல்கிறவர்கள் நிறைய. அந்தச் சுரப்பு வேரை ஒட்டித்தான் வேலை செய்யும். இடம் முழுக்க நெருக்கமாக நட்டு, மூன்று நாலு மாதம் வேர் மண்ணில் இருக்க வேண்டும். பூ முடிந்ததும் செடியைப் பிடுங்கி வெளியே எறியாமல் அங்கேயே மடக்கி உழுதுவிடுங்கள். கூடவே வேப்பம் புண்ணாக்கும் போட்டால் இன்னும் நல்லது.

செண்டுமல்லி விதைத்து 60, 70 நாளில் பூக்கத் தொடங்கும். ஆயுத பூஜையைக் குறிவைத்து ஆனியில் விதைப்பது வழக்கம். எல்லாரும் அதையே குறிவைப்பதால் பூஜைக்கு மறுநாள் விலை அதலபாதாளத்துக்குப் போய், ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். நீங்கள் எப்படியும் அதைத் தவறவிட்டுவிட்டீர்கள், அதுவும் நல்லதே. இந்த மாதக் கடைசியில் நாற்று விட்டு ஆவணிக் கடைசியில் நட்டால் பூ ஐப்பசி, கார்த்திகையில் வரும். ஐயப்பன் சீசனில் மாலைக்குத் தேவை ஒரே நாளில் முடியாமல் வாரக்கணக்கில் நீடிக்கும். மழையில் பூ அழுகாமலிருக்க மேட்டுப்பாத்தியில் நடுங்கள்.

இன்னொரு 5 சென்டில் சம்பங்கி. பிரஜ்வல் ரகக் கிழங்கு கேளுங்கள். அதன் மொட்டு ஒன்று ஏறக்குறைய ஒரு கிராம் தேறும், கிலோவுக்கு ஆயிரம் மொட்டுதான். அதே ஒரு மணி நேரத்தில் மல்லியைப் போல சில மடங்கு எடை பறிக்கலாம். விலை குறைவுதான், ஆனாலும் உடம்புக்கு வலி குறைவு, முகூர்த்த மாதங்களில் கைகொடுக்கும். ஒருமுறை நட்டால் மூன்று வருடம் நிற்கும்.

மிச்சமிருப்பதில் காய்கறி போடுங்கள். தக்காளி போட்டால் 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி வையுங்கள். தக்காளி நாற்று 25 நாள், செண்டுமல்லி நாற்று 40 நாள் வயதில் ஒரே சமயத்தில் நட்டால் இரண்டும் சேர்ந்து பூக்கும், காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லி மொட்டில் போய் முட்டையிடும். பாகல், பூசணி போட்டால் தேனீயை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லித் தோட்டம் மணந்தாலும், மொட்டாகவே பறித்துவிடுவதால் தேனீக்கு அங்கே ஒன்றும் இல்லை. வேலியோரம் துளசி, தும்பை, நாலு சூரியகாந்தி ஆகியவற்றைப் பறிக்காமல் விட்டுவையுங்கள். காய் பிடிப்பதில் வித்தியாசம் தெரியும்.

வீட்டைச் சுற்றியுள்ள 3 சென்டை விற்பனைக்கு என்று நினைக்காதீர்கள். அது உங்கள் சாமிக்கும் உங்கள் தலைக்கும். வெயில் படும் மூலையில் இரண்டு குண்டுமல்லி, வாசலில் ஒரு பவழமல்லி, நந்தியாவட்டை, ஒற்றையடுக்குச் செம்பருத்தி, வேலியில் சங்குப்பூக் கொடி வையுங்கள். தொட்டியில் மருக்கொழுந்து வைத்தால் கட்டும் சரத்துக்கு நடுநடுவே சேர்க்கலாம். செம்பருத்தியில் வெள்ளை மாவுப்பூச்சி வந்தால் அந்தக் கொத்தை வெட்டி எரித்துவிட்டு, தண்ணீரை வேகமாக அடித்தாலே போதும். குளியலறைத் தண்ணீர் போகும் வழியில் கல்வாழை வைத்தால் அது குடித்துக்கொள்ளும், பூவும் கொடுக்கும். அரளியை மட்டும் வீட்டருகே வைக்க வேண்டாம். சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம் ஏக்கர் கணக்கில் அரளி போட்டு நன்றாகப் பிழைக்கிறார்கள், தண்ணீர் அதிகம் கேட்காத பூ. ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். ஆடு, மாடோ சின்னப் பிள்ளைகளோ இருக்கும் வாசலில் அது தேவையில்லை.

இந்த வீட்டுச் செடிகளுக்கு மருந்தே அடிக்காதீர்கள். அப்போதுதான் செம்பருத்தி இதழைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சவும், சங்குப்பூவை வெந்நீரில் போட்டுக் குடிக்கவும் பயம் இருக்காது. விற்காத செண்டுமல்லியைக் காயவைத்து இதழை மட்டும் உதிர்த்துக் கோழித் தீவனத்தில் ஒரு கைப்பிடி சேர்த்தால் முட்டைக்கரு நல்ல மஞ்சளாக வரும். தீவனக் கம்பெனிகளும் அதே நிறச்சத்தைத்தான் செண்டுமல்லியிலிருந்து பிரித்தெடுக்கின்றன. இதற்கும் மருந்து படாத பூ என்பதுதான் நிபந்தனை.

விலை படுத்த நாட்களுக்கு ஒரு வழி உண்டு. உங்கள் மாமியாருக்குப் பூக் கட்டத் தெரியுமா? தெரியாத மாமியார் உங்கள் ஊரில் இருக்கமாட்டார். கோடையில் கிலோ 200-க்கு விழும் நாளில், மண்டிக்கு அனுப்புவதில் ஒரு கிலோவை நிறுத்திக்கொண்டு, வாழைநாரில் நெருக்கமாகக் கட்டி, முழக் கணக்கில் கோயில் வாசலிலோ பஸ் ஸ்டாண்டிலோ கொடுங்கள். மொத்த விலை எவ்வளவு இறங்கினாலும் முழத்தின் விலை அந்த அளவுக்கு இறங்குவதில்லை. தினமும் முடியாது, உடம்பு தாங்காது. வெள்ளி, செவ்வாய் மட்டும் செய்தாலும் போதும். பூவை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். தண்ணீரில் முக்கினால் எடை கூடும், சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். வாங்கியவர் மறுபடி வரமாட்டார்.

முன்பணம் பற்றி. இப்போது வாங்காதீர்கள். முன்பணம் வாங்கினால் அந்த மண்டிக்குத்தான் பூவைப் போட வேண்டும், அது எழுதாத ஒப்பந்தம். செடி நட்டு முதல் வருடம் பூவே பெரிதாக வராத நிலையில் கடன் மட்டும் நிற்கும், விலை குறைவாகப் போட்டாலும் கேட்க வாய் வராது. எல்லா மண்டிக்காரரும் மோசம் என்று சொல்லவில்லை. அவசரத்துக்கு நள்ளிரவில் பணம் கொடுத்துக் காப்பாற்றியவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் முதல் இரண்டு வருடம் சுதந்திரமாக இருங்கள். நிலக்கோட்டை உங்களுக்குப் பக்கம், திண்டுக்கல்லும் தூரமில்லை. கணவரின் ஆட்டோ இருப்பதால் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று போட்டு, எடை, விலை, கமிஷன் மூன்றையும் நோட்டில் எழுதி வாருங்கள். கமிஷன் பொதுவாக நூற்றுக்குப் பத்து ரூபாயைச் சுற்றி இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், பணத்தை அன்றே தருகிறார்களா, வாரக் கடைசியிலா என்பதையும் கேட்டு எழுதுங்கள். பிறகு முன்பணம் வாங்கியே ஆகவேண்டிய நிலை வந்தால், அந்த நோட்டில் நல்லபடியாகத் தெரிகிறவரிடம் வாங்குங்கள். எவ்வளவு, எத்தனை மாதத்தில் கழிப்பது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.